கணக்கில் இல்லாத ஐன்ஸ்டைனியம்

பத்து நாள் விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய செவ்வாய்க்கிழமை காலை, என் மேசையில் ஒரு தாள் கிடந்தது. நான் ஏப்ரலில் பெற்றுக்கொண்ட ஐன்ஸ்டைனியம் முழுவதும் தேய்ந்து தீர்ந்துவிட்டதாம். மீதி 0.000. வெற்றுக் குப்பியை வெள்ளிக்கிழமை வரும் கழிவு வண்டியில் ஏற்ற ஆவன செய்யவும் என்று அச்சாகியிருந்தது. கீழே கதிரியக்கக் கட்டுப்பாட்டுப் பிரிவின் சிவப்பு முத்திரை, ஒரு மயிரிழைகூடச் சாயாமல்.

மூன்று தடவை படித்தேன். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

தனிம அட்டவணையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்குள் இடமில்லாமல் வெளியே பாய் விரித்துப் படுத்தவர்கள் மாதிரி, அடியில் இரண்டு வரிசை தனியாகக் கிடக்கும். கீழ் வரிசைதான் ஆக்டினைடுகள். அந்தக் குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வேலை பார்த்துச் சாப்பிடுகிறார்கள். தோரியம் ஒரு காலத்தில் காஸ் விளக்கின் வலையில் வெள்ளை வெளிச்சம் கொடுத்தது. யுரேனியம் மின்சாரம் தருகிறது. சூரியன் எட்டாத தூரத்துக்குப் போகும் விண்கலத்தைப் புளுட்டோனியம் சூடாக வைத்திருக்கிறது. கூரையில் ஒட்டியிருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி சிலவற்றில் அமெரிசியம் உட்கார்ந்திருக்கிறது. அணு உலையை முதன்முதலாக எழுப்ப ஒரு துளி கலிபோர்னியம் போதும். ஐன்ஸ்டைனியத்துக்கு மட்டும் ஒரு வேலையும் கிடையாது. நான் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். என் அம்மா தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம், "சும்மா தெரிஞ்சுக்கத்தாம்மா" என்று சொல்லி அலுத்துவிட்டது.

அமெரிக்காவில் ஓர் உலையில் ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதில் சில மைக்ரோகிராம் எடுக்கிறார்கள். உலகத்துக்கே அவ்வளவுதான். நான்கு வருஷம் கடிதம் எழுதி எழுதி, அதில் அரை மைக்ரோகிராம் என் பங்குக்கு வந்தது. கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் ஆக்சிஜன் அணுக்களை வேகமாக மோதவிட வேண்டும். அப்போது உண்டாகும் இன்னும் கனமான கருக்கள் கண் மூடித் திறப்பதற்குள் உடையும். சரிபாதியாக உடைகின்றனவா, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக உடைகின்றனவா? நான் ஐந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது ஒன்றுதான்.

என் பொருளுக்குப் பொறுமை கிடையாது. இருநூற்று எழுபத்தாறு நாளில் பாதியாகிவிடும். யாரும் தொடாவிட்டாலும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கரைந்துகொண்டே இருக்கும். அணுக்களை அப்படி ஓடவிடும் முடுக்கி இயந்திரம் எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தது அடுத்த திங்கள் முதல் நான்கு நாள். அதன் பிறகு மின்கட்டணம் ஏறும் கோடைக்காக நிறுத்தினால் நவம்பரில்தான் திறப்பார்கள். அதற்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்கும், மிச்சத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் எண்ண முடியாது. என் ஐந்து வருஷ ஒப்பந்தமோ வரும் மார்ச் 31 அன்று முடிகிறது. இந்த நான்கு நாள் போனால் எல்லாம் போயிற்று.

தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு ஓடினேன்.

குனிமி சார் வழக்கம்போல் சட்டைக் கைக்கு மேல் கறுப்பு உறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தொன்பது வயது. முப்பத்தேழு வருஷமாக இந்தக் கடற்கரை ஆய்வகத்தின் ஒவ்வொரு கதிரியக்கப் பொருளுக்கும் அவர்தான் கணக்கு. மேசையில் ஒரு பக்கம் முத்திரைகள் உயர வாரியாக, இன்னொரு பக்கம் ஒரு டப்பா நிறைய உலர்த்திய சர்க்கரைவள்ளிக் கிழங்கு.

"குனிமி சார், இது என்ன?"

"அறிவிப்பு, மேடம். பதிவேட்டுல பூஜ்யம் வந்தா அனுப்பியே ஆகணும்."

"அது தெரியுது. இருநூத்தி எழுபத்தாறு நாள்ல பாதியாகற பொருள், பதிமூணே நாள்ல எப்படி சார் மொத்தமும் தீந்துபோகும்? எலி தின்னுடுச்சா?"

அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். பெற்ற தேதி என்ற கட்டத்தில் ஆண்டு 1, மாதம் 4, நாள் 24.

எனக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. புரிந்ததும் எரிச்சல் இரண்டு மடங்கானது. எங்கள் நாட்டில் சக்கரவர்த்தி மாறினால் சகாப்தத்தின் பெயர் மாறி, ஆண்டுக் கணக்கும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஏப்ரல் முப்பது வரை ஹெய்செய் 31. மே முதல் தேதியிலிருந்து ரெய்வா 1. கணினியில் இந்தக் கணக்குத் தாளை எழுதிய புண்ணியவான், ஹெய்செய் சக்கரவர்த்தி உலகம் உள்ளவரை இருப்பார் என்று நம்பியவர். ஆண்டு என்று எந்த எண்ணைப் போட்டாலும் அது 1988-ஐக் கூட்டிக்கொள்ளும். 1 என்று போட்டால் 1989. ஆக, என் ஐன்ஸ்டைனியம் இந்த ஆய்வகத்துக்கு வந்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. முப்பது வருஷத்தில் அது தீர்ந்துபோயிருக்கும்தான். கணக்கு சரி. ஆண்டுதான் தப்பு.

"முப்பத்தொண்ணுன்னு இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணுன்னு யாரு போட்டது?"

குனிமி சார் மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "டைப் பண்ணினது நான்தான் மேடம். என் தப்பு."

அவ்வளவுதான், எனக்கு வாய் அடங்கவில்லை. அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் இருப்பது தெரிந்தேதான் கத்தினேன்.

"முப்பத்தேழு வருஷமா இதே நாற்காலியில உக்காந்திருக்கீங்க. ஒரு கட்டத்துல ஒரு நம்பரை ஒழுங்காப் போடத் தெரியலையா? முத்திரையை மட்டும் நேரா வச்சா போதுமா?"

அவர் தலை குனிந்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. சண்டைக்கு வராத ஆளிடம் எவ்வளவு நேரம்தான் சண்டை போடுவது!

"சரி, விடுங்க. 31ன்னு மாத்துங்க."

"முடியாது மேடம். மே ஒண்ணாந்தேதியிலேர்ந்து பதிவேடு தலைப்பெல்லாம் ரெய்வான்னு மாத்தணும்னு உத்தரவு, மாத்தியாச்சு. இப்ப 31 போட்டா கணக்கு சரியா வரும். ஆனா அச்சுல ரெய்வா 31 ஏப்ரல்னு விழும். இன்னும் முப்பது வருஷம் கழிச்சு வரப்போற பொருளுக்கு நான் எப்படி இன்னிக்கு முத்திரை வைக்கிறது?"

"அப்ப 2019ன்னு போட்டுத் தொலைங்க!"

"அந்தக் கட்டத்துல ரெண்டு இலக்கம்தான் ஏறும்."

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். "வாங்க என்கூட. குப்பிகிட்ட கருவியைக் கொண்டுபோய் வைக்கிறேன். அது போடற சத்தத்தைக் காதால கேளுங்க. அப்புறமும் பூஜ்யம்னு சொல்லுங்க பாக்கலாம்."

முதல் முறையாக அவர் முகம் வெளுத்தது. எழுந்தே விட்டார்.

"அதை மட்டும் செஞ்சிடாதீங்க மேடம், உங்க கால்ல வேணாலும் விழறேன். பதிவேட்டுல பூஜ்யம், கருவியில சத்தம்னா அது ஊறி வந்த பொருள்."

இதை நான் மறந்துதான் போயிருந்தேன். பதிவேட்டில் இல்லாத கதிரியக்கப் பொருள் எங்காவது அகப்பட்டால், கிணற்றில் தண்ணீர் ஊறியது மாதிரி அது 'ஊறி வந்தது' என்று எங்கள் துறையில் சொல்வார்கள். ஊறி வந்துவிட்டால் அரசாங்கத்துக்கு அறிக்கை போக வேண்டும், வளாகம் முழுவதும் மூலைமுடுக்கெல்லாம் தேட வேண்டும், எல்லா இயந்திரமும் நிற்க வேண்டும். இரண்டு மாதமாவது ஆகும். பொருள் இருக்கிறது என்று நிரூபித்தால் முடுக்கி போச்சு. நிரூபிக்காவிட்டால் வெள்ளிக்கிழமை கழிவு வண்டியில் பொருளே போச்சு. இதையெல்லாம் யோசித்து வைத்தவன் என் கையில் கிடைத்தால் என்ன செய்வேனோ தெரியாது.

"ஒரு வழி இருக்கு" என்றார் குனிமி சார். "தப்புப் பண்ணினவங்க மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தா, ஒரு திருத்தத் தாளை ஒட்டி முத்திரை வச்சிடலாம். வியாழக்கிழமை எங்க தலைவர் அன்சாய் சார் கூட்டம் இருக்கு. நான் எழுதிடறேன்."

"இன்னிக்கே எழுதுங்க. உங்க லீவால ஏற்கனவே ரெண்டரை சதவீதம் போச்சு."

விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமையும் இதையேதான் இவரிடம் கத்தியிருந்தேன். சக்கரவர்த்தி மாறினால் ஐன்ஸ்டைனியமும் பத்து நாள் லீவு எடுத்துக்கொண்டு தேயாமல் இருக்குமா என்று கேட்டேன். பாவம், ஏதோ அவர்தான் சக்கரவர்த்தியை மாற்றியது மாதிரி.

மதியம் உணவகத்தில் உகாய் எதிரே வந்து உட்கார்ந்தான். என் வயதுதான், பக்கத்து அறைக்காரன், நிரந்தர வேலை. அதனால் அவனுக்கு எப்போதும் நிதானம் உண்டு.

"காலையில நீ போட்ட சத்தம் முடுக்கி அறை வரைக்கும் கேட்டுச்சாம்" என்றான், நூடுல்ஸை உறிஞ்சியபடி. "அந்த மனுஷனைக் கொஞ்சம் விட்டுப் பிடிக்கக் கூடாதா?"

"அவர் பண்ணின காரியத்துக்குக் கொஞ்சவா சொல்ற?"

"மார்ச்ல ஓய்வு பெறுறார். அப்புறமும் அஞ்சு வருஷம் மறுபடி எடுத்துக்கறதா பேச்சு இருந்துச்சு. கட்டுப்பாட்டுப் பிரிவுல மன்னிப்புக் கடிதம் எழுதினவங்களை எடுக்க மாட்டாங்க, தெரியும்ல? இத்தனை வருஷத்துல அவர் ஒண்ணுகூட எழுதினதில்லை."

"அதுக்கு நான் என்ன பண்றது? எனக்கு மார்ச்சுக்கு அப்புறம் ஒருத்தரும் ஒண்ணும் பேசலை."

"இன்னொண்ணு சொல்லட்டுமா? நேத்து லீவு நாள்லயே வந்திருக்கார். பொருளை உபயோகிக்க நீ கொடுத்த விண்ணப்பம் முதல்ல போகணும்னு ஒரு நாள் முன்னாடியே வந்து எல்லாத்தையும் எடுத்து வச்சிருக்கார். காவலாளி சொன்னான்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

வியாழக்கிழமை கூட்டம் பதினோரு மணிக்கு. பத்தரைக்கு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அன்சாய் சார் பிரிவுத் தலைவர். ஒரு சின்ன விஷயத்தை மூன்று வாரம் இழுக்கத் தெரிந்தவர். பொருளைப் பெற்றபோது நான் எழுதிக் கொடுத்த சீட்டின் கார்பன் நகல் என்னிடம் இருக்கும். சீட்டில் 31 என்று சரியாக இருக்கிறது, டைப் செய்ததில்தான் தப்பு என்று முகத்துக்கு நேரே நீட்டிவிட்டால் அவர் இழுக்க முடியாது. இழுப்பறையைக் கவிழ்த்துத் தேடி எடுத்தேன்.

நகலில் சகாப்தம் என்ற கட்டம் காலியாக இருந்தது. ஆண்டு என்ற கட்டத்தில் 1. வலப்பக்கம் சாய்ந்த, அவசரமான ஒன்று. என் கையெழுத்து.

நாற்காலியில் உட்கார்ந்தேன். எல்லாம் ஞாபகம் வந்தது. ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. ஹெய்செய் என்று எழுதிய சீட்டை மே மாதத்துக்கு மேல் பயன்படுத்தினால், அடித்துத் திருத்தி முத்திரை வைத்துத் திரும்பத் தர வேண்டுமாம். ஒரே சீட்டை எவன் இரண்டு தடவை எழுதுவது? புதுச் சகாப்தத்தின் பெயர்தான் ஏப்ரல் முதல் தேதியே தெரிந்துவிட்டதே. எப்படியும் இந்தச் சீட்டு உபயோகப்படப் போவது மே மாதத்தில். இப்போதே 1 என்று போட்டுவிட்டு, சகாப்தத்தை மட்டும் காலியாக விட்டால் பிறகு யாராவது நிரப்பிக்கொள்வார்கள். நான் கெட்டிக்காரி அல்லவா!

குனிமி சார் சீட்டில் உள்ளதை உள்ளபடி டைப் செய்திருக்கிறார். திங்கட்கிழமை பூஜ்யத்தைப் பார்த்ததுமே சீட்டை எடுத்துப் பார்த்திருப்பார். மூலச்சீட்டு அவரிடம்தானே இருக்கிறது! ஏன் சொல்லவில்லை என்று எனக்கே பதிலும் தெரிந்தது. டைப் தப்பு என்றால் பிரிவின் தப்பு, ஒரு கடிதத்தோடு முடியும். சீட்டில் பொய்த் தேதி என்றால் உபயோகிப்பவரின் தப்பு. மறுபயிற்சி முடியும் வரை அவர் கதிரியக்கப் பொருள் எதையும் தொடக் கூடாது. அடுத்த பயிற்சி ஜூலையில். இரண்டு நாளாக நான் கத்திய கத்தலையெல்லாம் அந்த மனுஷன் இதைத் தெரிந்துகொண்டே வாங்கிக்கொண்டிருக்கிறார்.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் நகலை இழுப்பறைக்குள் திரும்ப வைத்துப் பூட்டினேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பூட்டிவிட்டு, நான்கு நாள்தான், நான்கே நாள்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன்.

குனிமி சார் அன்றைக்குக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். எழுந்து நின்று கடிதத்தைப் படித்தார். கவனக்குறைவு, வெட்கம், இனி நேராது.

"உங்ககிட்டேர்ந்து இதை நான் எதிர்பாக்கலை குனிமி" என்றார் அன்சாய் சார். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அரை மைக்ரோகிராமுக்கு இவ்வளவு கூத்து. சரி, மூலச்சீட்டு எங்கே? அதையும் இதோட சேத்து வைக்கணுமே."

"அது... கோப்புல இருக்கு சார். அப்புறம் கொடுக்கிறேன்."

"அப்புறமா? ஏன், தொலைச்சிட்டீங்களா?"

கேட்ட தாளைக் குனிமி சார் எடுத்துக் கொடுக்காமல் நின்றதை அந்த அறையில் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"தொலைஞ்சிருந்தா அதுக்கும் தனியா ஒரு கடிதம் எழுதணும். வயசாச்சுன்னா சொல்லுங்க, மார்ச் வரைக்கும் இழுக்க வேண்டாம்" என்றார் அன்சாய் சார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. "தொலையலை சார்" என்றேன். குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்தது. "நகல் என்கிட்ட இருக்கு. அஞ்சு நிமிஷம் கொடுங்க."

குனிமி சார் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று மெதுவாகத் தலையாட்டினார். நான் ஓடிப்போய்க் கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.

"ஆண்டுக் கட்டத்துல ஒண்ணுன்னு எழுதினது நான். சகாப்தத்தைக் காலியா விட்டதும் நான். சீட்டுல இருந்ததைத்தான் அவர் டைப் பண்ணியிருக்கார்."

அன்சாய் சார் இழுக்கத் தெரிந்தவர்தான். ஆனால் அடுத்தவரைத் தண்டிக்கும் விஷயத்தில் வேகம் அதிகம். பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. குனிமி சாரின் கடிதம் திருப்பித் தரப்பட்டது. கழிவு வண்டி அறிவிப்பு ரத்து. பதிவேட்டில் ஒரு திருத்தத் தாள், நான்கு முத்திரை. நருசே என்கிற எனக்கு ஜூலைப் பயிற்சி வரை அனுமதி இல்லை. பொருளின் பொறுப்பாளர் பெயர் உகாய் என்று மாறும். கதிரியக்கப் பகுதியின் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நான் கால் வைக்கக் கூடாது.

தாழ்வாரத்தில் குனிமி சார் என்னைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தேழு வருஷத்தில் அவருக்குக் கோபம் வந்து நான்தான் முதலில் பார்த்திருப்பேன்.

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா மேடம்? ரெண்டு நாளா கத்தினீங்க, பொறுத்துக்கிட்டேன். கத்தவே வேண்டாத இடத்துலயும் போய்க் கத்திட்டீங்களே!"

"நீங்க செவ்வாய்க்கிழமையே சீட்டை எடுத்துக் காட்டியிருந்தா நான் கத்தியிருக்கவே மாட்டேன்."

"கத்தியிருப்பீங்க."

உண்மைதான். கத்தியிருப்பேன்.

திங்கட்கிழமை முடுக்கி ஓடத் தொடங்கியது. உள்ளே உகாய், என் குப்பி, என் கருவிகள். வெளியே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். இடையில் இரு பக்கமும் பேசும் ஒலிபெருக்கி ஒன்று. அதில் நான் போட்ட சத்தத்தில் உகாய் இரண்டு தடவை இணைப்பைத் துண்டித்துவிட்டான். இடது திருகை மெதுவாகத் திருப்பு என்றால் வேகமாகத் திருப்புகிறான். ஐந்து வருஷமாக என் விரல் பழகிய திருகு அது. கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதைப்போல ஒரு கொடுமை கிடையாது.

முதல் நாள் ஒன்றும் வரவில்லை. செவ்வாய் மதியம் இரண்டு இருபதுக்கு ஒலிபெருக்கி கரகரத்தது.

"நருசே, வந்திருச்சுப்பா. ஒண்ணு உடைஞ்சிருக்கு."

"எப்படி? எப்படி உடைஞ்சுச்சு? முழுசாச் சொல்லித் தொலையேன்!"

"சரிபாதி. ரெண்டு துண்டும் ஒரே எடை. இரு, இரு... இன்னொண்ணு. இதுவும் சரிபாதி."

நான் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து நின்றேன். அழுகை வந்தது. அது வந்ததும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"கண்ணாடியைத் தொடாதீங்க மேடம், கறை படியும்" என்று பின்னால் குரல். குனிமி சார். ஒரு கையில் கிழங்கு டப்பா, இன்னொரு கையில் அன்றைய பதிவேட்டின் அச்சுத் தாள். டப்பாவை நீட்டினார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு தாளை வாங்கினேன்.

ஐன்ஸ்டைனியம், மீதி 0.475. பூஜ்யம் இல்லை. பொறுப்பாளர்: உகாய். முத்திரை நேராக இருந்தது. எல்லா வரிகளிலும் எப்போதும் காலியாகவே இருக்கும் குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில் மட்டும் என்னவோ அச்சாகியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தேன்.

'கொண்டுவந்தவர்: நருசே.'

"இந்தக் கட்டத்துல விதி மீறல் இருந்தா மட்டும்தானே எழுதணும்?" என்றேன். "வேற எதுவும் எழுதக் கூடாதுன்னு நீங்கதானே எனக்கு மூணு தடவை சீட்டைத் திருப்பி அனுப்பினீங்க?"

"ஆமா மேடம்" என்றார், டப்பாவை மூடியபடி. "இதுதான் என்னோட முதல் மீறல்."